நாற்பதில் ஓட்டி நூற்றிருபதாகக் காட்டலாம்: ராமநாதபுரம் கடற்கரையில் கார் வேகக் காட்சி எடுக்க முழுமையான வழிகாட்டி

கையில் ஒரு நல்ல போன், தெரிந்தவர் வீட்டில் ஒரு கார், பக்கத்திலேயே தனுஷ்கோடி ரோடு. இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் நம் பகுதிப் பையன்களுக்குக் கை சும்மா இருக்காது. குறும்படமோ, ரீல்ஸோ, கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை வருகிற காட்சியோ, எதுவானாலும் "வண்டி பறக்கணும்ணே" என்றுதான் கேட்கிறார்கள். தாராளமாகப் பறக்க வைக்கலாம். அதற்கு ஆக்சிலரேட்டரை அழுத்த வேண்டிய அவசியம் கொஞ்சமும் இல்லை.

கீழே சொல்லியிருக்கும் எந்த ஷாட்டிலும் வண்டி மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டாது. பாதிக்கு மேல் 20-லேயே முடிந்துவிடும். சில ஷாட்டில் வண்டி நகரவே நகராது. நிஜமாகவே வேகமாகத்தான் ஓட்டுவேன் என்பவர்கள் கோவை கரி மோட்டார் ஸ்பீடுவே, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக் மாதிரி இடங்களுக்குப் போகட்டும். இது படத்தில் வேகம் காட்ட நினைப்பவர்களுக்காக எழுதியது.

முதல் படி: கண் எதை வேகம் என்று நம்புகிறது?

தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடிகிற அரிச்சல்முனை ரோட்டில் 80-ல் போகிற காரைக் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்துப் பாருங்கள். நகர்கிற மாதிரியே இருக்காது. இரண்டு பக்கமும் கடல், மேலே வானம். பின்னால் ஓடுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. பக்கத்தில் இருக்கிற பொருள் எவ்வளவு சீக்கிரம் கடந்து போகிறது என்பதை வைத்துத்தான் கண் வேகத்தைக் கணக்குப் போடுகிறது. ஊரிலேயே அழகான ரோடு வேகக் காட்சிக்குச் சோபிக்காமல் போவதற்குக் காரணம் இதுதான். இது தெரியாமல்தான், படத்தில் வேகம் வரவில்லையே என்று 100-க்கும் 120-க்கும் மிதிக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. 20 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு ஐந்தரை மீட்டர் போகும். உச்சிப்புளி பக்கத்துத் தென்னந்தோப்பில் மரத்துக்கு மரம் 25 அடி என்று வைத்துக்கொண்டால், ஜன்னலில் ஒரு மரம் கடந்து அடுத்த மரம் வர ஒன்றேகால் விநாடிக்கு மேல் ஆகும். அது உலாப் போகிற வேகம். அதே வண்டி அதே 20-ல் சவுக்குத் தோப்புக்குள் போகட்டும். ஒன்றரை மீட்டருக்கு ஒரு மரம் இருந்தால் விநாடிக்கு மூன்றரை, நாலு மரம் கடக்கும். பார்க்கிறவர் சீட்டைப் பிடித்துக்கொள்வார். பனை ஓலை வேலி, நெருங்கி வளர்ந்த சீமைக்கருவேல், ரோட்டோரக் கல் சுவர் எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

இன்னும் இரண்டு விஷயம். கேமரா தரையிலிருந்து ஒரு அடிக்குள் இருக்க வேண்டும், அப்போதுதான் தார் ரோடு லென்ஸுக்குள் பாய்கிற மாதிரி தெரியும். லென்ஸ் அகலமாக இருக்க வேண்டும், போனில் 0.5 போதும். தூரத்திலிருந்து ஜூம் போட்டு நேர் எதிரே வரும் காரை எடுத்தால் நேர்மாறாக நடக்கும். வண்டி வந்துகொண்டே இருக்கும், வந்து சேரவே சேராது. கானல் நடுங்க வில்லன் வண்டி வருவதைக் காட்ட அது ரொம்ப நல்ல ஷாட். வேகத்துக்கு உதவாது.

இரண்டாம் படி: இடம்

பாம்பன் பாலத்தை மறந்துவிடுங்கள். 1988-ல் திறந்த, இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தச் சாலைப் பாலம்தான் ராமேஸ்வரம் தீவுக்குள் வாகனம் போக இருக்கும் ஒரே வழி. ஆம்புலன்ஸும் அதில்தான் வர வேண்டும். அங்கே நிறுத்தினாலும் தப்பு, விரட்டினாலும் தப்பு.

தனுஷ்கோடிக்கு வருவோம். 1964 டிசம்பர் புயல் அழித்த ஊரைத் தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு 2017-ல்தான் பொதுமக்களுக்குத் திறந்தது. அதற்கு முன்னால் மணலில் ஜீப், வேன்தான். இடிந்த தேவாலயத்தைப் பார்க்க இறங்குகிறவர்கள், செல்பி எடுக்க ரோட்டின் நடுவிலேயே நிற்கிறவர்கள், சிப்பி விற்கிற குழந்தைகள் என்று யாராவது குறுக்கே வந்துகொண்டே இருப்பார்கள். அந்தப் பகுதி இப்போது பூநாரைகளுக்கான சரணாலயமும்கூட. என் அபிப்பிராயம், அந்த ரோட்டை வண்டி வந்து நிற்கிற ஷாட்டுக்கும் இறுதிக் காட்சியின் பெரிய ஃப்ரேமுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அதைவிடச் சிறந்த இடம் தமிழ்நாட்டில் கிடையாது.

ஓட்டத்துக்குத் தனியார் இடம்தான் முதல் தேர்வு. சொந்தக்காரர் சம்மதத்தோடு ஒரு சவுக்குத் தோப்பு, உப்பளத்துக்குள் லாரி போகிற பாதை, அறுவடை முடிந்து காய்ந்த புஞ்சை. வாலிநோக்கம், சாயல்குடி பக்கம் உப்பளப் பாதைகள் நேராக, வெள்ளையாக, ஆள் இல்லாமல் கிடக்கும். ஆனால் வரப்பின் ஓரம் உதிரும். வண்டியை விடுவதற்கு முன்னால் இரண்டு பேர் ஓரத்தில் நடந்து குதித்துப் பார்க்க வேண்டும். மழை பெய்து ஒரு வாரம் ஆகியிருந்தாலும் களிமண் உள்ளே ஈரமாகத்தான் இருக்கும், அதில் சக்கரம் இறங்கினால் டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும்.

கடற்கரை மணலில் வண்டி இறக்கவே வேண்டாம். வருடத்தின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும். மணலுக்குள் முட்டை இருப்பது மேலே நிற்கிற நமக்குத் தெரியாது.

பொதுச் சாலை வேண்டும் என்றால் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியாகப் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையும் கருவேலும் நெருங்கிய பகுதிகள் இருக்கின்றன. ஒரு நிமிடக் காட்சிக்கு அங்கே நாலைந்து ஷாட் எடுத்தால் போதும்.

மூன்றாம் படி: அனுமதி

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் எஸ்.பி. அலுவலகத்துக்கும் கடிதம், அந்தச் சாலை எந்தத் துறையின் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு ஒரு நகல், உள்ளூர் காவல் நிலையத்தில் நேரில் ஒரு பேச்சு, ஊராட்சித் தலைவருக்கு ஒரு வார்த்தை. தனுஷ்கோடி என்றால் வனத்துறையும் உண்டு. கடிதத்தில் தேதி, நேரம், எத்தனை வண்டி, எத்தனை பேர், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை என்று எழுதி, "வாகனம் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் இயக்கப்பட மாட்டாது" என்று தனி வரியாகப் போடுங்கள். அந்த ஒரு வரியைப் படித்ததும் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் மாறுவதை நானே பார்த்திருக்கிறேன்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 184-ஆம் பிரிவு ஆபத்தாக ஓட்டுவதற்கானது, ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம். 189-ஆம் பிரிவு அரசின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் பொது இடத்தில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவதற்கானது. முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதற்கெல்லாம் சாட்சி தேடி யாரும் அலைய வேண்டாம், நாம் ஏற்றிய வீடியோவே போதும். கார் இன்சூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றில் ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு கிடையாது என்று அதிலேயே அச்சடித்திருக்கும்.

நம்பர் பிளேட்டை மாற்றுவது, ஸ்டிக்கர் ஒட்டி மறைப்பது எல்லாம் கூடவே கூடாது. திரையில் எண் தெரியக் கூடாதென்றால் எடிட்டிங்கில் மங்கலாக்கிக்கொள்ளலாம்.

ட்ரோன் ஆசை இருந்தால், எங்கே பறக்கவிடலாம் என்று நிறம் பிரித்துக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை, கண்ணுக்கெட்டும் தூரத்தில் சர்வதேசக் கடல் எல்லை. சின்ன ட்ரோன்தானே என்று கிளப்புகிற ஊர் இது இல்லை. மேலே இருந்து எடுத்தால் வேகம் குறைந்துதான் தெரியும் என்பதால் இழப்பும் பெரிதில்லை.

நான்காம் படி: காற்றும் மணலும் பார்த்து நாள் குறிப்பது

ஜூன் தொடங்கி ஆகஸ்ட் தாண்டும் வரை கச்சான் காற்று. தீவிலும் கரையோரத்திலும் மணல் பறந்து தார் ரோட்டில் படியும். மெல்லிய படலமாக இருப்பதால் வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது, பிரேக் பிடிக்கும்போதுதான் தெரியும். காய்ந்த தாரில் 40-ல் போகிற வண்டி, ஓட்டுநர் சுதாரிக்கும் நேரத்தையும் சேர்த்து, சுமார் 20 மீட்டரில் நிற்கும். 100-ல் போனால் 80 மீட்டருக்கு மேல் வேண்டும். மணல் படிந்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அதனால் எந்த மாதமானாலும் ஓடப்போகிற பகுதி முழுவதையும் ஒருவர் நடந்து பார்த்து, தேவையான இடத்தில் தென்னந்துடைப்பத்தால் கூட்டிவிட வேண்டும்.

மீன் லாரியையும் கவனிக்க வேண்டும். ஐஸ் உருகி ஒழுகிய தண்ணீர் ரோட்டில் ஒரு கோடாகப் போயிருக்கும். அதில் மீன் எண்ணெயும் செதிலும் கலந்திருப்பதால் காய்ந்த பிறகும் வழுக்கும். வளைவுகளில்தான் அதிகம் சிந்தியிருக்கும், நாம் ஷாட் வைப்பதும் வளைவில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் லாரி குறையும். ஆனால் பள்ளி விடுமுறைக் கூட்டம் அப்போதுதான் வரும். தை அமாவாசை, ஆடி அமாவாசை, சபரிமலை சீசன் எல்லாம் ராமேஸ்வரம் சாலைக்கு ஆகாத நாட்கள். பிப்ரவரி, மார்ச்சில் ஒரு செவ்வாய், புதன் பார்த்துக் காலை ஆறிலிருந்து எட்டுக்குள் முடிப்பதுதான் என் வழக்கம்.

காலையில் தீவுக்குள் எடுத்தால் அரிச்சல்முனையை நோக்கி ஓட்டாதீர்கள். சூரியன் நேர் எதிரே இருக்கும், கண்ணாடியில் உப்புப் படலம் வேறு. இரண்டும் சேர்ந்தால் முன்னால் வெள்ளைத் திரைதான் தெரியும். முகுந்தராயர் சத்திரம் பக்கம் திரும்பி வரும் திசையில் ஓட்டுங்கள்.

ஐந்தாம் படி: ஷாட் பட்டியல்

பேப்பரில் எழுதாமல் வண்டியை எடுக்கக் கூடாது. ஒரு நிமிடத் துரத்தலுக்கு 25 முதல் 30 ஷாட் ஆகும். அதில் முழு வண்டியும் தெரிந்து ஓடுகிற ஷாட் ஏழெட்டுதான். மிச்சமெல்லாம் துண்டுகள். கியர் மாறுகிறது. கிளட்ச்சில் கால் இறங்குகிறது. ஓட்டுநரின் கண் ரியர்வியூ கண்ணாடிக்குப் போய் ரோட்டுக்குத் திரும்புகிறது. டேஷ்போர்டில் வைத்த எலுமிச்சம்பழம் வளைவில் உருண்டு மறு ஓரத்துக்குப் போகிறது. இந்த எலுமிச்சம்பழ ஷாட்டை 15 கிலோமீட்டரில் தோப்புக்குள்ளேயே எடுத்துவிடலாம். பார்க்கிறவருக்கு அது கொண்டை ஊசி வளைவு.

திசையை விடாமல் பிடியுங்கள். வண்டி திரையில் இடமிருந்து வலம் போகிறது என்றால் கடைசி வரை இடமிருந்து வலம்தான். நம் ஊரில் இதற்கு இன்னொரு கட்டாயமும் உண்டு. அரிச்சல்முனையை நோக்கிப் போகும்போது பெண் கடல் (அமைதியாகக் கிடக்கிற கடல்) இடப்பக்கம், ஆண் கடல் (அலை அடிக்கிற கடல்) வலப்பக்கம். போகிற கதையில் வலப்பக்க ஜன்னலில் பெண் கடல் தெரிந்தால் வெளியூர்க்காரருக்குத் தெரியாமல் போகலாம், தங்கச்சிமடத்துக்காரர் உடனே பிடித்துவிடுவார்.

ஆறாம் படி: கேமராவைக் கட்டுவது

இங்கே அவசரப்படாதீர்கள். கடற்கரையில் நின்ற வண்டியின் உடம்பு முழுக்க, கையால் தடவினால் பிசுபிசுக்கிற உப்புப் படலம் இருக்கும். சக்‌ஷன் கப் என்கிற, கேமராவைத் தாங்கும் ரப்பர் கிண்ணம் அதன் மேல் ஒட்டுகிற மாதிரிதான் இருக்கும், பத்து நிமிடத்தில் கழன்றுவிடும். முதலில் நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்து, பிறகு கப்பை அழுத்துங்கள். ஒட்டியதும் முழுப் பலத்தோடு இழுத்துப் பாருங்கள். அப்புறம் ஒரு தனிக் கயிற்றால் கேமராவை வண்டியின் அசையாத பாகம் ஒன்றோடு கட்டுங்கள். பம்பருக்குக் கீழே இருக்கும் டோயிங் கொக்கி நல்ல இடம். கயிறு நீளமாக இருந்தால் விழுந்த கேமரா சக்கரத்துக்குள் போகும், ஒரு சாணுக்கு மேல் தொங்கவே கூடாது. வெயில் ஏறினால் கப் இளகும் என்பதால் ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் மறுபடி அழுத்த வேண்டும்.

கூட ஓடும் வண்டியிலிருந்து எடுக்கிறவர் பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கேமராவை வண்டிக்குள் வைத்தே எடுக்கட்டும். டிக்கியைத் திறந்து உட்காருவது, ஜன்னலில் ஏறி உட்காருவது, பைக்கில் பின்னோக்கி உட்காருவது எதுவும் வேண்டாம். அந்த ஷாட் இல்லாமலே காட்சி நிற்கும்.

ஏழாம் படி: ஷட்டரும் ஃப்ரேமும்

போனை ஆட்டோவில் விட்டால் நம் வெயிலில் ஷட்டர், அதாவது ஒரு ஃப்ரேமுக்கு வெளிச்சம் உள்ளே விடும் நேரம், ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்கும் கீழே போய்விடும். ஒவ்வொரு ஃப்ரேமும் உறைந்த போட்டோவாக, வெட்டி வெட்டி ஓடும். வேகம் என்பது இழுபடும் கோடுகள், அதற்கு ஷட்டர் மெதுவாக இருக்க வேண்டும். விநாடிக்கு 24 அல்லது 25 ஃப்ரேமில் எடுத்து ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்குக்குப் பூட்டுங்கள். வெளிச்சம் பொங்கும், அதை அடக்க லென்ஸ் முன்னால் என்.டி. ஃபில்டர் வேண்டும். நடு வெயிலில் என்.டி. 64 அல்லது 128, காலை ஆறரைக்கு என்.டி. 8 போதும். இந்தக் கண்ணாடித் துண்டு செய்கிற வேலையை எந்த எஞ்சினும் செய்யாது.

அடுத்தது, குறைந்த ஃப்ரேமில் எடுத்து வழக்கமான ஃப்ரேமில் ஓட்டுவது. 20-ல் எடுத்து 24-ல் ஓட்டினால் 40 கிலோமீட்டர் 48 ஆகும், 18-ல் எடுத்தால் 53. போனில் அந்த வசதி இல்லையென்றால் 25-ல் எடுத்து எடிட்டிங்கில் 120, 130 சதவீதமாக்கலாம். அப்படிச் செய்வதாக இருந்தால் ஷட்டரை நாற்பதில் ஒரு பங்காக இறக்கிக்கொள்ளுங்கள். இதற்கு மேல் போனால் பழைய ஊமைப்பட ஓட்டமாகிவிடும்.

கடல்தான் இதில் காட்டிக்கொடுக்கும். பின்னால் ஆண் கடல் இருந்தால் அலை படபடவென்று அடித்து உடைகிற வேகத்திலேயே தந்திரம் வெளியே வந்துவிடும். வேகம் கூட்டப்போகிற ஷாட்டுகளுக்குப் பெண் கடல் பக்கம் ஃப்ரேம் வையுங்கள். குளம் போலக் கிடக்கிற தண்ணீரில் வித்தியாசம் தெரியாது. நடக்கிற ஆள், பறக்கிற துப்பட்டா, கொடி, காகம் எதுவும் உள்ளே வரக் கூடாது.

எட்டாம் படி: எடுக்கும் நாள்

ரோட்டின் இரு முனையிலும், குறுக்குப் பாதை சேரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஆள், கையில் வாக்கி டாக்கி. போனை நம்ப வேண்டாம், கடலோரத்தில் சிக்னல் நினைத்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் முனை ஆட்கள் ஒவ்வொருவரும் "கிளியர்" என்று வாயால் சொல்ல வேண்டும். ஒருவர் குரல் வரவில்லை என்றால் வண்டி கிளம்பாது. குரல் வராததை "ஒன்றும் இல்லை போலிருக்கு" என்று எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து. பிரெஞ்சு இயக்குநர் கிளாட் லெலூஷ் 1976-ல் விடிகாலைப் பாரிஸ் தெருக்களில் எட்டு நிமிடம் ஒரே ஷாட்டாகக் காரை விரட்டி எடுத்த குறும்படம் உலகப் புகழ் பெற்றது. எதிரே என்ன வருகிறது என்று தெரியாத ஒரு வளைவில் வாக்கி டாக்கியோடு ஆள் நிறுத்தியிருந்தார். அந்தக் கருவி வேலை செய்யவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. யாரும் குறுக்கே வராதது அதிர்ஷ்டம் மட்டுமே. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அந்த அதிர்ஷ்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

"கட்" சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு. "அண்ணே, ஆடு வருது, நிறுத்துங்க" என்று கடைசியாகச் சேர்ந்த பையன் சொன்னாலும் வண்டி நிற்க வேண்டும், யாரும் அவனைக் கடியக் கூடாது. ஓட்டுகிறவர் உரிமம் வைத்திருக்கிற, அந்த வண்டிக்குப் பழகிய ஆளாக இருக்கட்டும். "தம்பி, இந்த டேக் வேணாம்ப்பா" என்று அவர் சொன்னால் அதோடு முடிந்தது. ஒரே ஓட்டத்தை மூன்று முறைக்கு மேல் எடுக்காதீர்கள், நாலாவது முறை எல்லோருக்குமே அலட்சியம் வந்துவிடும்.

ஒன்பதாம் படி: நகராத வண்டியில் இரவுத் துரத்தல்

எனக்கு ரொம்பப் பிடித்த படி இது. வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஒருவர் பின் பம்பரில் கை வைத்து மெல்ல, ஒழுங்கில்லாமல் அமுக்கிக்கொண்டே இருக்கட்டும். இன்னொருவர் டார்ச்சோடு முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக நடந்தால் ஓட்டுநர் முகத்தில் தெருவிளக்கு கடந்து போகும். பின் கண்ணாடிக்கு வெளியே தூரத்தில் இரண்டு எல்.இ.டி. விளக்குகளை ஒரு கம்பில் கட்டி ஆட்டினால் துரத்துகிற வண்டி. நடிப்பவர் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் வெட்டி வெட்டித் திருப்பக் கூடாது. விரலளவு அசைவு போதும், நிஜத்தில் வேகமாகப் போகிறவர் அப்படித்தான் பிடித்திருப்பார். பக்கவாட்டுக் கண்ணாடியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் வெளியே ஒன்றுமில்லை என்பதும் மறைந்துவிடும்.

பத்தாம் படி: வெட்டும் சத்தமும்

எடிட்டிங்கில் எல்லா ஷாட்டையும் ஒரே நீளத்தில் வெட்டாதீர்கள். முதல் சிலவற்றுக்கு மூன்று விநாடி கொடுத்து, நடுவில் ஒன்றுக்குக் கீழே இறக்கி, திடீரென்று ஐந்து விநாடிக்கு ஒரு பெரிய ஃப்ரேம் விடுங்கள், மூச்சு வாங்குவதற்கு. அரிச்சல்முனை ஷாட் அங்கேதான் வர வேண்டும்.

மீதிப் பாதி வேகம் சத்தத்தில் இருக்கிறது. லெலூஷ் ஓட்டியது மெர்சிடிஸ், குலுங்காமல் போகிற சொகுசு வண்டி. படத்தில் கேட்கிற உறுமல் ஃபெராரியுடையது, பிறகு சேர்த்தது. அரை நூற்றாண்டாக அந்தச் சத்தத்தைத்தான் ஆட்கள் வேகம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் படப்பிடிப்பு முடிந்ததும் திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் மெல்ல மெல்ல ஆக்சிலரேட்டர் கொடுத்து எஞ்சின் சத்தத்தைத் தனியாகப் பதியுங்கள். மைக்குக்குத் துணியோ பஞ்சோ சுற்றாவிட்டால் காற்று மட்டும்தான் பதியும். கியர் விழும் சத்தம், கதவு, ஜல்லி சக்கரத்தில் நொறுங்குவது எல்லாம் தனித்தனியாக. எஞ்சின் சத்தம் ஏறி, கியர் மாறும்போது ஒரு கணம் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். அந்த இறக்கம் இல்லாவிட்டால் மிக்ஸி ஓடுகிற மாதிரி கேட்கும். மணல் பாதையில் டயர் கிரீச்சிடாது, அந்தச் சத்தத்தைத் தாருக்கு மட்டும் வையுங்கள்.

கடைசிப் படி: வெளியிடுவது

வீடியோவின் முதல் ஃப்ரேமிலேயே "அனுமதியுடன், 40 கிலோமீட்டருக்குக் கீழ் எடுக்கப்பட்டது" என்று தெளிவாகப் போடுங்கள். கடைசியில் போட்டால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் பகிர்வார்கள். எடுத்த விதத்தை ஒரு நிமிட வீடியோவாகக் கூடவே ஏற்றுங்கள். சவுக்குத் தோப்பு, டார்ச்சோடு நடக்கிற தம்பி, என்.டி. ஃபில்டர், எல்லாம் தெரியட்டும். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் உங்கள் துரத்தலைப் பார்த்து அப்பாவின் பைக் சாவியை எடுப்பதற்கு முன்னால் அதையும் பார்த்திருக்க வேண்டும். அனுமதி கொடுத்த அலுவலகங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பிவைத்தால் அடுத்த கடிதத்தோடு போகும்போது உட்காரச் சொல்வார்கள். வண்டியின் அடிப்பாகத்தையும் கேமரா மவுண்ட்டுகளின் திருகுகளையும் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், மறுநாள் என்று விட்டால் துரு பிடிக்கத் தொடங்கிவிடும்.